கடலைப் பெருக்குகிறவர்கள்

அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தவர் கூடவே அலைச்சறுக்குக்கு வருகிற பேக்கரிக்காரர். நல்ல நல்ல அலைகளையெல்லாம் போகவிட்டு, இதைவிட நல்லது பின்னால் வரும் என்று பலகைமேல் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிற மனிதரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? கழுத்தும் கொஞ்சம் நீளம்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கடற்கரையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவரே பார்ப்பாரா என்பது சந்தேகம்.

வாரத்தில் ஆறு நாள் அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடி அறைகளில், கிரீஸ் நாற்றத்துக்கும் மோட்டார் இரைச்சலுக்கும் நடுவே, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கத் திரிவார். அங்கே அவர் வாயைத் திறப்பது அபூர்வம். குடியிருப்பவர்கள் வந்து ‘ஏன் இவ்வளவு நேரம்’ என்பார்கள், ‘போன மாசம்தானே பார்த்தீங்க’ என்பார்கள். தலையை ஆட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த மனிதர் வேறு மனிதர். முனைக்குப் போய்விட்டால் அவர்தான் நாட்டாமை.

முனை என்பது கடற்கரை முடிகிற இடத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறைத் திட்டு. அதை ஒட்டித்தான் அலை முதலில் உடையும். அலைச்சறுக்குக்காரர்களிடம் எங்கே போனாலும் ஒரு சட்டம் உண்டு. உடைகிற இடத்துக்கு யார் கிட்டே இருக்கிறாரோ, அலை அவருடையது. அவர் எழுந்து நின்ற பிறகு இன்னொருவர் குறுக்கே புகக் கூடாது. முனையில் இதோடு இன்னொன்றையும் சேர்த்திருந்தார்கள்: குறுக்கே புகுந்தவர் அன்றைக்குக் கரையேறிவிட வேண்டும். வாக்குவாதம் கிடையாது, மன்னிப்பும் வேண்டாம். பலகையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான். இதைக் கொண்டுவந்தவரே கொக்குதான். எத்தனையோ பேரை அவர் கரையேற்றியிருக்கிறார். வாயால் சொல்ல மாட்டார், கரையைப் பார்த்துத் தாடையை ஒரு ஆட்டு ஆட்டுவார். கம்பெனி நடத்துகிறவர்கள்கூட அதற்கு வாலைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாரம் முழுக்க அடுத்தவர் பொத்தானை அழுத்தி மேலே போக வழிசெய்கிறவருக்கு அந்த ஒரு தாடையாட்டலில் எவ்வளவு சுகம் இருந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு கூட்டம் உண்டு. துடுப்புக்காரர்கள். அலைச்சறுக்குக்காரர் பலகைமேல் குப்புறப்படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளி, அலை தூக்குகிற நொடியில் துள்ளி எழுந்து நிற்க வேண்டும். அந்த எழுந்து நிற்பதைக் கற்றுக்கொள்வதற்குள் வயிறு நிறைய உப்புத் தண்ணீர் குடித்தாக வேண்டும். துடுப்புக்காரருக்கு அந்தப் பாடே இல்லை. கதவு அகலத்துக்கு ஒரு பலகை, ஆளைவிட உயரமாக ஒரு துடுப்பு. ஆரம்பத்திலேயே நின்றுகொள்வார், நின்றபடியே தள்ளிக்கொண்டு போவார். நிற்பதால் தூரத்தில் வருகிற அலை அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். பலகை பெரிதாக இருப்பதால் அலை உடைவதற்கு வெகு முன்னாலேயே அதன்மேல் ஏறிவிடலாம். விடிந்ததிலிருந்து தண்ணீரில் ஊறிக்கொண்டு காத்துக் கிடப்பவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு கத்துக்குட்டியின் கையைவிட்டுப் போன பெரிய பலகை அலையோடு உருண்டு வந்து முனைக் கூட்டாளியான தபால்காரரின் விலாவைப் பதம் பார்த்தது. ஆனால் கொக்கின் இளக்காரம் தபால்காரரின் விலாவைப் பற்றியது அல்ல. “கடலைக் கூட்ட வந்துட்டாங்கப்பா, துடைப்பத்தோட. அந்த மூலையில கொஞ்சம் குப்பை கிடக்கு, அதையும் பெருக்கிட்டுப் போகச் சொல்லு” என்பார். எழுந்து நிற்க வக்கில்லாதவர்களின் விளையாட்டு என்பார். சமீப காலமாக அவரே எழும்போது முழங்கால் சடக்கென்று சத்தம் போடுகிறது. அதைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

துடுப்புக்காரர் யாராவது முனைப்பக்கம் தலைகாட்டினால் அதற்கு அவரிடம் வைத்தியம் இருந்தது. அந்த ஆள் ஏறுகிற அலையிலெல்லாம் குறுக்கே புகுந்து போவார். கொஞ்ச நேரத்தில் ஆள் காணாமல் போய்விடும். இப்படிக் குறுக்கே புகுந்ததற்குக் கரையேற வேண்டாமா என்று ஒருவரும் கேட்டதில்லை. சட்டம் அலைச்சறுக்குக்காரர்களுக்கு. பெருக்குகிறவர்களுக்கு எதற்குச் சட்டம் என்பதுதான் அங்கே பேச்சு.

அவர் மனைவி துணிக்கடை ஒன்றின் பின்னறையில் ஆல்டரேஷன் செய்பவள். நீளமான பேண்டைக் குட்டையாக்குவது, பிடிக்கிற இடுப்பைத் தளர்த்துவது, கிழிந்த அக்குளை ஒட்டுவது. ஊரில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். வெளியே சொல்ல மாட்டாள். கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கடற்கரைக்கு வருவாள். ஒரு மடக்கு நாற்காலி, துண்டு, பிளாஸ்க், ரொட்டி. கரையேற்றப்பட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு கப் டீ கொடுப்பாள். ‘கொக்கண்ணன் குடுக்குற தண்டனையில பாதி கசப்பு அண்ணி டீயில போயிடுது’ என்று தபால்காரர் சொல்வார்.

ஒருமுறை அவளும் பலகைமேல் படுத்துப் பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் உடைந்து கூடிய இடது முழங்கால் சட்டென்று மடங்காது. படுத்த இடத்திலிருந்து துள்ளி எழ அவளால் ஆகவில்லை. “நீ கரையிலயே இரும்மா, அதுதான் உனக்கு நல்லது” என்று கொக்கு சொன்னார். பிரியமாகத்தான் சொன்னார். அவளும் இருந்தாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படிக்க வெளியூருக்கும் போய்விட்டாள். அதுவரை அம்மா கரையில்தான் இருந்தாள்.

இந்த வருஷம்தான் அது மாறியது. முனைக்கு அந்தப் பக்கம் அலையடிக்காத குடா ஒன்று உண்டு. அங்கே ஒரு அம்மாள் துடுப்புப் பலகைகளை வாடகைக்கு விடுகிறார். மெஷின்மேல் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டதற்கு அதுதான் கைகண்ட மருந்து என்று கடைக்கு வந்த யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய் ஏறி நின்றிருக்கிறாள். விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “ஏங்க, நான் நின்னேங்க” என்றாள். அந்த முகம் அன்றைக்கு மலர்ந்திருந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கொக்கு கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நிக்கிறதுல என்ன இருக்கு? பஸ்லகூடத்தான் நிக்கிறே.”

“பஸ்ல பிடிச்சுக்கக் கம்பி இருக்கும்.”

“இங்க துடைப்பம் இருக்குல்ல. வீட்டைப் பெருக்கினது போதாதுன்னு கடலைப் பெருக்கக் கிளம்பிட்டியா?”

அவருக்குப் பிடித்த நகைச்சுவை என்பதால் அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் சனிக்கிழமை போவதை நிறுத்தவில்லை. மெல்ல மெல்லக் குடாவின் வாயில் வருகிற சின்ன அலைகளைப் பிடிக்கவும் பழகிவிட்டாள். “ஒரு நாள் பாறையைச் சுத்திக்கிட்டு உங்க பக்கமே வந்து நிக்கிறேன் பாருங்க” என்றாள். “வா, வா” என்றார் கொக்கு. வரமாட்டாள் என்கிற தைரியம்தான்.

வந்துவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ‘நீங்க முன்னாடி போங்க, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு’ என்று அவள் சொன்னபோதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முனையில் அவரும் பேக்கரிக்காரரும் தபால்காரரும் மட்டும்தான் இருந்தார்கள். அலைகள் இடைவெளிவிட்டு வந்துகொண்டிருந்தன. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் துடுப்பு தெரிந்தது, பிறகு ஒரு மஞ்சள் தொப்பி, பிறகு லேசாக முன்னால் வளைந்த ஒரு முதுகு. அந்த முதுகைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தாலே கொக்குக்குத் தெரியும். அவள் ஒரு கையைத் துடுப்பிலிருந்து எடுத்தாள், விழப் பார்த்தாள், சமாளித்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

முதலில் தனக்கு வந்தது சந்தோஷமா கூச்சமா என்று பிற்பாடு அவர் பலமுறை யோசித்துப் பார்த்தார். சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வந்தது கூச்சம். கதவு அகலத்துக்கு அந்தப் பலகை, நெட்டையாக அந்தத் துடுப்பு, விறைத்துக்கொண்டு நிற்கிற அந்த இடது கால். இத்தனை காலம் வாய் கிழியப் பேசியதெல்லாம் வட்டியும் முதலுமாகத் தன் பக்கம் திரும்பி வருகிறது என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டார்.

“யாருடா அது? தெரிஞ்சவங்களா?” என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

“தெரியலையே” என்றார் கொக்கு. “யாரோ பெருக்க வந்திருக்கு.”

சொன்ன வாய்க்கே அது கசந்தது. அப்போதும் நேரம் இருந்தது. ‘சும்மா சொன்னேன்பா, நம்ம வீட்டம்மாதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு பேரும் சிரித்திருப்பார்கள், காரியம் முடிந்திருக்கும். தபால்காரர்கூட இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கு தன் பலகையின் நுனியில் இல்லாத பாசியைச் சுரண்டினார்.

அவள் கிட்டே வந்து இடைஞ்சல் செய்யவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, மரியாதையாகத் தள்ளியே நின்றாள். இத்தனை வருஷம் கரையிலிருந்து பார்த்தவளுக்கு முனையின் சட்டம் அத்துப்படி. பேக்கரிக்காரர் ஒரு அலை எடுத்தார், தபால்காரர் ஒன்று எடுத்தார், கொக்கு ஒன்று எடுத்தார். எல்லோரும் திரும்பி வந்து சேருகிறவரை காத்திருந்தாள். அதற்கப்புறம் வந்த அலைக்குத்தான் பாறைப் பக்கமாக நகர்ந்து, துடுப்பை அழுத்திப் போட்டு, ஏறினாள். உடைகிற இடத்துக்கு அவள்தான் கிட்டே இருந்தாள். எப்படிப் பார்த்தாலும் அது அவளுடைய அலை.

மற்ற இருவரும் கொக்கைப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத துடுப்புக்காரர் வந்தால் கொக்கு என்ன செய்வார் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொன்ன பிறகு, தெரியாதவரிடம் நடந்துகொள்வதுபோல்தானே நடந்துகொள்ள வேண்டும்? அந்த நொடியில் அவர் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. சொன்ன பொய்க்கு முட்டுக்கொடுப்பதற்காகக் கையால் தண்ணீரைத் தள்ளினார். முழங்கால் சடக்கென்றது. எழுந்து, பலகையை ஒடித்துத் திருப்பி, அவள் வருகிற வழியில் குறுக்கே புகுந்தார்.

பின்னால் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அலை ஓய்ந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது பலகை ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம், நடுவில் தொப்பி மிதந்துகொண்டிருந்தது. அவள் இருமியபடி பலகையைப் பிடித்து ஏறினாள். தபால்காரர் அந்தப் பக்கம் போகப் பார்த்தார், அதற்குள் அவளே துடுப்பை எட்டிப் பிடித்துவிட்டாள். எழுந்து நிற்கவில்லை. மண்டியிட்டபடியே தள்ளிக்கொண்டு பாறையைச் சுற்றி வந்த வழியே போய்விட்டாள்.

இப்படி ஒருவரைத் துரத்தியடித்தால் யாராவது விசிலடிப்பது வழக்கம். அன்று யாரும் அடிக்கவில்லை. கொக்கு கரையை ஒரு தடவை பார்த்தார். அவரைப் பார்த்துத் தாடையை ஆட்ட அங்கே ஆள் இல்லை. தன் இடத்துக்கே போய் உட்கார்ந்தார். அதற்கப்புறமும் அலை பிடித்தார். நல்ல அலைகள்தான்.

வீட்டில் அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஐஸைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றார். என்ன கேட்டாலும் காலில் விழுந்துவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார். அவள் சிரித்துவிட்டாள்.

“ஏங்க, உங்களுக்கு என்னை அடையாளமே தெரியலையா?”

காலில் விழ வந்தவருக்கு வாயில் வந்தது வேறு. “நீயா? அது நீயா வந்திருந்தே?”

“பின்ன யாரு? கைகூட ஆட்டினேனே.”

“வெயில் நேரா கண்ணுல அடிச்சுது. யாரோன்னு நினைச்சுட்டேன்.”

“அதான் நானும் நினைச்சேன். எனக்கே கண்ணு கூசி உங்க மூஞ்சி ஒண்ணும் தெரியல. இந்தத் தொப்பி வேற பாதி முகத்தை மறைச்சிருக்கும். ஒரு குரல் குடுத்திருக்கணும், என்மேலதான் தப்பு. நாலு பேர் இருக்கிற இடத்துல கத்தினா உங்களுக்கு நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்.”

ஐஸை வாங்கி அவரே அவள் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டார். எலும்புக்கு மேலே கன்றிப்போயிருந்தது. அவள் ‘போதும், கை மரத்துடப் போகுது’ என்று சொல்கிறவரை பிடித்திருந்தார். அந்த அக்கறையைப் பார்த்து அவளுக்கு இன்னும் மனசு இளகிப்போனது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் மகளிடம் போனில் சொன்னாள். “உங்கப்பா என்னையே தள்ளிவிட்டுட்டாருடி. யாருன்னே தெரியலையாம். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின லட்சணம்.” இரண்டு பேரும் சிரித்தார்கள். போன் அவர் கைக்கு வந்தது. “அப்பா, முதல்ல கண்ணாடி போடுங்கப்பா” என்றாள் மகள். “போடுறேன்மா” என்றார். மறுநாள் துணிக்கடையிலும் இதுதான் பேச்சு. கடைக்கார அம்மா தெருவில் பார்த்து, “என்ன சார், வீட்டம்மாவை இப்பவாவது தெரியுதா?” என்று கேலி செய்தார். கொக்கு பல்லைக் காட்டினார். பொய்யை அவர் ஒருமுறைதான் சொன்னார், அவள் ஊரெல்லாம் நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோய், உள்ளே வயதான தம்பதி மாட்டிக்கொண்டார்கள். கொக்கு கதவை நெம்பித் திறந்தார். “முதல்ல அவளை இறக்குங்க தம்பி, அவளுக்கு மூச்சு முட்டும்” என்றார் அந்தக் கணவர். அந்த அம்மாள் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ‘நீங்க நல்லா இருக்கணும்’ என்றாள். அவர் நிமிராமல் சாவியைத் தேடுகிறவர்போல் பையைக் குடைந்தார்.

சொல்லிவிடத்தான் நினைத்தார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் பின்னால் போய் நின்று, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார்.

“என்ன, கேஸ் தீரப்போகுதா?”

“ஆமா” என்றார்.

பாதிக்குமேல் இருந்த சிலிண்டரைக் கழற்றி, புதியதை மாட்டி, வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார். ஒரு உண்மையைச் சொல்லப் போய் இன்னொரு பொய்யோடு திரும்பி வந்த தன்னை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கடையிலிருந்து ஒரு துண்டுத் துணி கொண்டுவந்தாள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. தண்ணீரில் போட்டுக்கொள்கிற தன் பழைய முழுக்கைச் சட்டையின் கைகளைப் பிரித்தெடுத்துவிட்டு, இந்தத் துணியில் புதுக் கைகள் தைத்து முடித்தாள். போட்டுக்கொண்டு வந்து இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள்.

“இப்ப எந்த வெயில்லயும் தெரியும்ல?”

“எதுக்கு இது?”

“உங்களுக்காகத்தான். இந்த ஞாயித்துக்கிழமையும் வரேன். இப்பவும் தெரியலன்னா உங்களை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

கொக்கு ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டார். அவள் வருவதற்குள் முனைக்குப் போய், கூட்டாளிகளிடம் விஷயத்தைச் சிரிப்போடு சிரிப்பாகப் போட்டு உடைத்துவிட வேண்டும். அன்றைக்கு வந்தது என் மனைவியாம், எனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டால், வீட்டில் சொன்னதும் வெளியில் சொன்னதும் ஒன்றாகிவிடும். பிறகு யாருக்கும் சந்தேகம் வராது. போகப் போகத் தனக்கே மறந்துவிடும். முழுக்க நனைந்தவர் முக்காடு தேடுகிற யோசனைதான். அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்கிய கையோடு ஆரம்பித்தார். “போன வாரம் ஒருத்தி பெருக்க வந்தாளே, யாரு தெரியுமா? நம்ம வீட்டுக்காரிதான். வெயில்ல எனக்கே அடையாளம் தெரியலப்பா.” ஒத்திகை பார்த்துவைத்திருந்த சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

கூடச் சிரிக்க ஆள் இல்லை. பேக்கரிக்காரர் கழுத்தைத் திருப்பிச் சூரியனைப் பார்த்தார். அது அவர்கள் மூவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“வெயில் அந்தப் பக்கம்டா” என்றார். “இங்க உக்காந்தா எந்தக் காலையில நம்ம கண்ணுல அடிச்சிருக்கு?”

கொக்கும் திரும்பிச் சூரியனைப் பார்த்தார்.

“அண்ணி கையாட்டினாங்கண்ணே” என்றார் தபால்காரர், மெதுவாக. “நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க.”

“தெரிஞ்சேவா யாருன்னு கேட்டே?” என்று கொக்கு பேக்கரிக்காரரிடம் கேட்டார்.

“நீ சொல்லுவேன்னுதான்டா கேட்டேன்” என்றார் பேக்கரிக்காரர். “நீ கூச்சப்படறேன்னு புரிஞ்சுது. நாமளே எடுத்துக் குடுப்போம், அந்தப் பொண்ணைக் கூப்பிடுவான், வந்து நம்மகூட இருக்கட்டும்னு நினைச்சேன். நீ அப்படிச் சொன்னே. அப்புறம் குறுக்கேயும் போனே. உன்னைக் கரையேறச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, உன் பொய் எங்களுக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சுடும். அந்த அசிங்கம் எதுக்குன்னு நாங்களும் வாயை மூடிக்கிட்டோம். எங்களுக்கும் அன்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கல.”

அதற்குமேல் யாரும் பேசுவதற்குள் பாறைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு தெரிந்தது. அவள் இன்றைக்கு நன்றாக நிமிர்ந்து நின்றிருந்தாள். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, கிட்டேயே வந்துவிட்டாள்.

“வாங்க அண்ணி” என்றார் தபால்காரர்.

“வரேன் வரேன். என்னங்க, இப்பத் தெரியுதா?” என்று கணவரைப் பார்த்துக் கையை விரித்தாள்.

கொக்கின் கை பலகையின் நுனியை மறுபடி சுரண்டப் போயிற்று. அந்த இடைவெளியைப் பேக்கரிக்காரர் நிரப்பப் பார்த்தார். “நல்லாத் தெரியுதும்மா. அன்னைக்குத்தான் அவன்…” என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தைக்காக அந்த நல்ல மனிதர் திணறுவதைக் கொக்கு பார்த்தார். தனக்காக அவர் பொய் சொல்லப் போகிறார். தபால்காரரும் அதற்குத் தலையாட்டப் போகிறார். அவள் நம்பிவிடுவாள், காலம் பூராவும் நம்புவாள். இவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

“அன்னைக்கே தெரிஞ்சுது” என்றார் கொக்கு.

“என்னது?”

“நீன்னு தெரிஞ்சுது. இவன் யாருன்னு கேட்டான். தெரிஞ்சுக்கிட்டேதான் தெரியலன்னு சொன்னேன். தெரிஞ்சுதான் குறுக்கே வந்தேன்.”

அவள் விரித்த கைகளை இறக்கினாள். துடுப்பைப் பலகையின் குறுக்கே வைத்துவிட்டு, மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டி, மெதுவாக உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்பாள் என எதிர்பார்த்தார். அதற்கு ஒரு வாரமாகப் பதில் தேடி வைத்திருந்தார். அவள் அதைக் கேட்கவில்லை.

“அப்புறம் கரையேறினீங்களா?”

“இல்ல.”

“அலை பிடிச்சீங்களா?”

“பிடிச்சேன்.”

அவள் மற்ற இருவர் பக்கம் திரும்பினாள். தபால்காரர் காலில் கட்டியிருந்த பலகைக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாம இருந்திருக்கு” என்றாள். “நான்தான் பொண்ணுகிட்டேர்ந்து கடை வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்.”

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் பலகைமேல் குப்புறப்படுத்தார். தாடையை ஆட்ட யாரும் வேண்டியிருக்கவில்லை. கரையைப் பார்த்து ஒரு கை, இரண்டு கை தள்ளினார்.

“எங்க போறீங்க?”

“கரைக்கு.”

“வேணாம். அன்னைக்குப் போகாதவர் இன்னைக்குப் போய் என்ன ஆகப்போகுது? அங்க போய் நாற்காலியில உக்காந்துக்கிட்டா உங்களுக்குச் சுலபமா இருக்கும். இங்கயே இருங்க.”

அவர் தள்ளுவதை நிறுத்தினார். திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். அவள் துடுப்பை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள்.

தூரத்தில் ஒரு அலை எழுந்தது. நின்றுகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அதை முதலில் பார்த்ததும் அவள்தான். யாரையும் கேட்கவில்லை. பாறைப் பக்கம் நகர்ந்து, துடுப்பை அழுத்திப் போட்டு, ஏறினாள். பேக்கரிக்காரரும் தபால்காரரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கொக்குக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் அவள் போனாள். மற்ற இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவருக்குத் தலை நிமிரவில்லை.